அடுப்பண்ணன் கட்டியிருந்த கடிகாரம்

குளிர்ந்த கடிகாரம் விலை போகாது. இதைக் கண்டுபிடித்தது கடிகாரம் செய்கிற கம்பெனி இல்லை. அடுப்பண்ணன்.

அடுப்பு என்பது கடையில் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருந்தது; அது சம்பளச் சீட்டில் மட்டும் மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்கும். வெளியூரில் இருக்கிற அக்காகூட ‘டேய்’ என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

விலை உயர்ந்த கைக்கடிகாரங்கள் விற்கிற கடை அது. கண்ணாடிக் கதவு, கதவுக்கு வெளியே ஒரு காவலாளி, உள்ளே கால் வைத்தால் செருப்புச் சத்தத்தை விழுங்கிவிடுகிற கம்பளம், எலும்பு வரை இறங்குகிற ஏசி. அந்த ஏசியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் கடிகாரம் சில்லிட்டுப் போயிருக்கும். வருகிறவர் ஆசையாகக் கையை நீட்டுவார். கட்டிவிட்டதும் அந்தக் குளிர் பட்டுக் கை லேசாகப் பின்வாங்கும். கை பின்வாங்கினால் மனசும் பின்வாங்கும். ‘வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்’ என்று போவார். அவ்வளவுதான், ஆள் வரமாட்டார்.

அடுப்பண்ணன் இதற்கு முன்னால் ஷூ கடையில் இருந்தவர். வருகிறவர்கள் காலடியில் குந்தி உட்கார்ந்து, புது ஷூவின் குதிகாலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பிசைந்து, சூடேற்றி, அதற்கப்புறம்தான் மாட்டிவிடுவார். தோலும் இளகும், ஆளும் இளகிவிடுவார். வயசாகி முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் கடிகாரக் கடைக்கு வந்து சேர்ந்தார். காலிலிருந்து கைக்குப் பிரமோஷன் என்று காவலாளி சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

பழக்கத்தை அவர் விடவில்லை. காலையில் பாதுகாப்புப் பெட்டி திறந்ததும் தன் மூலையில் இருக்கிற கடிகாரங்களில் ஒன்றை எடுத்து இடது கையில் கட்டிக்கொள்வார். யாராவது அதைக் கேட்டால் கண்ணாடிக்குள்ளிருந்து எடுக்க மாட்டார். தன் கையிலிருந்து கழற்றி அவர் கையில் கட்டுவார். உடம்புச் சூட்டோடு போய் உட்கார்ந்த கடிகாரத்தைக் கழற்றித் தர யாருக்கும் சட்டென்று மனசு வராது. பிடித்துவிட்டால் பெட்டி பிரிக்காத புதுசு ஒன்று உள்ளேயிருந்து வரும். கட்டிக் காட்டியது திரும்ப அடுப்பண்ணன் கைக்கே வந்துவிடும். மேனேஜர் முதலில் முறைத்தார். விற்பனையைப் பார்த்ததும் முறைப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மற்றவர்கள் அடுப்பு என்று பெயர் வைத்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஏதோ ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களே, அது போதும்.

கடையின் பெரிய சுவர் முழுக்க சுவிஸ் கடிகாரங்கள். அங்கே நிற்பவன் பவுடர் தம்பி. முகத்தில் பவுடர், கழுத்தில் டை, வாயில் தேன். கமிஷன் எல்லாம் அந்தச் சுவரில்தான் தொங்கியது. கதவுக்குப் பக்கவாட்டில் இருந்த சின்ன மூலைதான் ஜப்பான் கடிகாரங்களுக்கு. யாரும் நிற்க விரும்பாத இடம். ஷூ கடையிலிருந்து வந்தவருக்கு அது போதும் என்று தள்ளிவிட்டார்கள்.

அந்த மூலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். ஜப்பான் கடிகாரம் எங்கப்பாவே கட்டியிருந்தார், சுவரில் அடித்தாலும் ஓடும், அதற்குப் போய் ஒரு கார் விலையா? அடுப்பண்ணன் மல்லுக்கு நிற்க மாட்டார். “அது அண்ணன், இது தம்பிங்க. ஒரே வீடுதான். மூத்தவர ஒழைக்க அனுப்பிட்டாங்க, இவர மடியில வச்சு வளத்திருக்காங்க” என்பார். ஆள் சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுப்பார்.

முட்களின் ஓரத்தைப் பார்க்கச் சொல்வார். பிசிறே இல்லாமல் கத்தி மாதிரி நிற்கும். கடிகார உடம்பின் பக்கங்களைப் பார்க்கச் சொல்வார். சுற்றுகிற வெள்ளீயத் தட்டின் முகத்தில் ஓர் ஆள் கையால் பிடித்து அழுத்தித் தேய்த்துக் கண்ணாடியாக்கியது அது. பிடி மயிரிழை சாய்ந்தாலும் விளிம்பு மழுங்கிவிடும், அன்றைக்குப் பட்ட பாடெல்லாம் வீண். மேலே எரிகிற குழல்விளக்கை அந்தப் பளபளப்பில் பார்த்தால் விளக்கு நேர்க்கோடாகத் தெரியும். மட்டமான பாலிஷில் பார்த்தால் புழு மாதிரி நெளியும். விலை எங்கே போயிருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை. குனிந்து பார்த்தவர் நிமிரும்போது முகமே சொல்லிவிடும்.

மூலையில் இருந்த கடிகாரங்களில் ஒன்று மட்டும் அவர் கையிலேயே குடியேறிவிட்டது. மற்றவற்றை முறை வைத்து மாற்றி மாற்றிக் கட்டுவார் என்றுதான் மேனேஜர் நினைத்திருந்தார். இவர் மாற்றவே இல்லை.

அதன் முகம் வெள்ளை. அது செய்யப்படுகிற இடத்தில் சன்னலுக்கு வெளியே விழுந்து கிடக்கும் பனியைப் பார்த்து அச்சில் அழுத்தி எடுத்ததாம். அடுப்பண்ணன் பனியை சினிமாவில்தான் பார்த்திருக்கிறார். வாடிக்கையாளரிடம் பனி என்பார். அவர் மனசுக்குள் அது தட்டில் கொட்டி விரலால் நிரவிய தூள் உப்பு. உடம்பு, எஃகு இல்லாத வேறொரு உலோகம். சாம்பல் நிறம், இறகு கனம், சட்டென்று சூடு வாங்கும். விநாடி முள் நீலம். அது பெயிண்ட் இல்லை. உலோக முள்ளைச் சூட்டில் காட்டிக் காட்டி, பழுப்பேறி, ஊதாவாகி, நீலம் வருகிற அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் வெளிறிப்போகும். அங்கேயும் ஒரு அடுப்புக்காரன் இருக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

அந்த நீல முள் துடிக்காது. டிக் டிக் கிடையாது, பேட்டரியும் கிடையாது. உள்ளே ஒரு சுருள்வில்லின் விசை குட்டிச் சக்கரம் ஒன்றைச் சுற்றும். சக்கரம் தலைதெறிக்க ஓடாமல் காந்தம் தொட்டும் தொடாமலும் பிடித்து வைக்கும். அதனால் முள் நின்று நின்று போகாமல், தண்ணீரில் மிதக்கிற இலை மாதிரி வழுக்கிக்கொண்டே போகும். முகத்தின் ஓரத்தில் இன்னொரு சின்ன முள், வண்டியில் பெட்ரோல் காட்டுகிற மாதிரி. கட்டியிருக்கிறவர் கை ஆட ஆட வில் முறுக்கேறும், சின்ன முள்ளும் ஏறும். கழற்றி வைத்தால் இறங்கும். நிறைந்திருந்தால் மூன்று நாள் தாங்கும். அடுப்பண்ணன் அதை வயிறு என்பார். வயிறு வாடக் கூடாது என்று சாப்பாட்டு வேளையில்கூட மற்றவர்கள் உட்கார்ந்து அரட்டையடிக்க, இவர் கடையின் பின்பக்க நடைபாதையில் இடது கையை வீசி வீசி நடப்பார். அணிவகுப்புக்கு ஆள் எடுக்கிறார்களா அண்ணே என்று பவுடர் கேட்பான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர்களுக்கெல்லாம் ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். ஜப்பானில் அந்தக் கடிகாரம் உருவாகிற அறை. வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண் முள் பொருத்துகிறாள். முகம் தெரியவில்லை, விரல்கள் மட்டும். ஒரு முள்ளுக்கும் அடுத்த முள்ளுக்கும் நடுவே காகிதம் நுழைகிற இடைவெளிதான். முள்ளை வைக்கிற நேரத்தில் அவள் தோள் அசையவில்லை. மூச்சைப் பிடித்திருக்கிறாள் என்று தெரிந்தது. வைத்து முடித்ததும் தோள் இறங்கியது. மற்றவர்கள் படம் முடிந்ததும் பிஸ்கட் தட்டுக்குப் போனார்கள். அடுப்பண்ணன் அன்றிலிருந்து யார் கையில் கடிகாரம் கட்டினாலும், கொக்கி விழுகிற வரை மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஏன் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

சாயங்காலம் கழற்றிக் கொடுக்க வேண்டும். கடைச் சரக்கு வாசல் தாண்டக் கூடாது. மேனேஜர் வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார். இவர் வெளியே வருவார்.

“என்னண்ணே, ராஜா வேஷம் கலைச்சாச்சா?” என்பான் காவலாளி.

“கலைச்சாச்சுப்பா. பஸ்ஸுல நசுங்கறதுக்குக் கிரீடம் எதுக்கு?”

பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது மணிக்கட்டில் வெளுத்த பட்டை தெரியும். கடிகாரம் கழற்றிவைத்துவிட்டு வந்திருக்கிற ஆள் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது அவருக்குப் பிடிக்கும்.

அறை, மாடியில், நடைபாதையின் கோடியில். ஒரு சன்னல், அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் பூசாத சுவர். ஒற்றை கேஸ் அடுப்பு, ஒரு தட்டு, இரண்டு டம்ளர். இரண்டாவது டம்ளர் அக்கா ஒரு தடவை வந்தபோது வாங்கியது; அவள் போனதிலிருந்து கவிழ்ந்தே கிடக்கிறது. வீட்டுக்காரர் மாட்டிவிட்டுப்போன சுவர்க்கடிகாரம் ஒன்று இருந்தது. ஆளில்லாத அறையில் அதன் டிக் டிக் சுத்தியல் அடி மாதிரி விழும். அடுப்பண்ணன் அதன் பேட்டரியைப் பிடுங்கி டிவி ரிமோட்டில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்த அறையில் மணி என்று ஒன்று இல்லை. பழக்க தோஷத்தில் கையைத் தூக்கிப் பார்ப்பார். வெளுத்த தோல்தான் இருக்கும்.

கல்யாணம் ஆகவில்லை. வேண்டாம் என்று இல்லை. முதலில் அக்காவுக்கு முடியட்டும் என்றார்கள், அப்புறம் அம்மாவுக்கு உடம்பு தேறட்டும் என்றார்கள், அம்மா போன பிறகு எதுவும் சொல்வதற்கு ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் பண்ணுவாள். சாப்பிட்டாயா என்பாள். சாப்பிட்டேன் என்பார். என்ன சாப்பிட்டாய் என்பாள். அதே என்பார். “டேய், ‘அதே’ன்னு ஒரு சாப்பாடு இருக்காடா?” என்று திட்டுவாள். வைக்கப்போகும்போது மணி என்ன என்று கேட்பாள். இவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துச் சொல்வார். கடிகாரக் கடையில் வேலை செய்கிறவன் லட்சணத்தைப் பார் என்று சிரித்துவிட்டு வைப்பாள். அடுத்த ஞாயிறு வரை அந்த அறையில் வேறு பேச்சுச் சத்தம் இருக்காது.

ஒரு தடவை காய்ச்சல் வந்து படுத்தார். சாதாரணக் காய்ச்சல் இல்லை, ஆளை மடித்துப் போட்டுவிட்டது. ரொட்டியும் பாலுமாக ஓட்டினார், பிறகு வெறும் தண்ணீர். மேனேஜரிடமிருந்து ஒரே ஒரு போன் வந்தது, பூதக்கண்ணாடி எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று கேட்டு. கண்ணை மூடினால் கடிகாரத்தின் சின்ன முள்தான் வந்து நின்றது. இன்றைக்குப் பாதி இறங்கியிருக்கும். இன்றைக்கு அடியைத் தொட்டிருக்கும். இந்நேரம் நீல முள் நின்றிருக்கும், எந்த இடத்தில் நின்றதோ. தன் கையை நம்பி வயிறு வைத்திருக்கிற ஜீவன் உலகத்தில் அது ஒன்றுதான் என்று காய்ச்சல் வேகத்தில் தோன்றியது. எழுந்தால் அசட்டுத்தனமாகத் தெரியும் என்று நினைத்தார். எழுந்த பிறகும் அப்படித் தெரியவில்லை.

கடைக்குத் திரும்பிய அன்று பெட்டியைத் திறந்தார்கள். அதன் இடம் காலியாக இருந்தது.

“அண்ணே, நல்ல சேதி” என்றார் மேனேஜர். “உங்க வாட்ச் போயிடுச்சு.”

பவுடர் தம்பி பின்னாலேயே வந்தான். அவன்தான் விற்றானாம். காலையிலேயே அதைக் கட்டிச் சூடேற்றி வைத்திருந்தானாம், அடுப்பண்ணன் பாணியிலேயே. ஒரு அம்மா வந்து கையை நீட்ட, கட்டிய உடனே கண் கலங்கிவிட்டதாம். அந்த மாடலைச் செய்வதைக் கம்பெனி நிறுத்திவிட்டது, புதுசு உள்ளே இல்லை. இருந்தாலும் வேண்டாம், இதுவேதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிப்போனாராம். “கமிஷன்ல பாதி உங்க பேருலதான் போடச் சொல்லியிருக்கேன்ணே” என்றான். பையன் கெட்டவன் இல்லை.

“சந்தோஷம்ப்பா” என்றார் அடுப்பண்ணன்.

கை ஒடிந்த மாதிரி என்பார்களே, அப்படி ஆகிவிட்டது. கடிகாரம் இறகு கனம். அது போன கை கல்லாய்க் கனத்தது. மேனேஜர் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். நல்ல எஃகுக் கடிகாரம், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒப்புக்குக் கட்டிக்கொண்டார். சாப்பாட்டு வேளையில் நடக்கப் போகவில்லை. பவுடர் கேலி செய்ய வாயெடுத்து, முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

சில நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் அந்த அம்மா திரும்ப வந்தார். நாற்பது தாண்டிய பெண், தோளில் அலுவலகப் பை, தூக்கம் பார்க்காத கண். பவுடர் வேறொரு வாடிக்கையாளரிடம் இருந்ததால் பெட்டியை அடுப்பண்ணன் முன்னால் வைத்தார். அடிக்கடி நின்றுபோகிறது என்றார்.

அடுப்பண்ணன் பெட்டியைத் திறந்தார். உப்பு வெள்ளை முகம், நீல முள் செத்தது மாதிரி கிடந்தது. சின்ன முள் அடியில். எடுத்த கையோடு தன்னையறியாமல் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தார், கொக்கி எட்டவில்லை. உலோகப் பட்டையில் கண்ணிகள் சிலவற்றைக் குறைத்திருந்தார்கள். மெலிந்த கைக்காரர் யாரோ கட்டுகிறார். உள்ளங்கையில் வைத்து இரண்டு ஆட்டு ஆட்டினார். நீல முள் புறப்பட்டு வழுக்கிக்கொண்டு போனது.

மேனேஜர் அதற்குள் வந்துவிட்டார். நல்ல வாடிக்கையாளரை விடக் கூடாது என்பது அவர் கொள்கை. கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை, ஒரு வியர்வைக் கறை இல்லை. ஒரு பிரச்சினையும் இல்லை மேடம், மாற்றித் தருகிறோம் என்றார். அதே கம்பெனியில் பேட்டரி வகை இருக்கிறது, வருஷக்கணக்கில் நிற்காது, விலையும் குறைவு, மீதியைத் திருப்பித் தந்துவிடுவோம். பிறகு அடுப்பண்ணன் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இது பழையபடி உங்க கைக்கே வந்துடும்ணே.”

அடுப்பண்ணன் பேசாமல் இருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சாவியை எடுத்து இழுப்பறையைத் திறந்து பேட்டரிக் கடிகாரத்தை வெளியே வைத்தால் எல்லாம் முடிந்தது. இழுப்பறையைத் திறக்கவும் செய்தார். அப்போது, யார் கையில் எதைக் கட்டுவதற்கு முன்னும் கேட்கிற கேள்வி, ஷூ கடைக் காலத்திலிருந்து நாக்கில் ஊறிப்போன கேள்வி, தானாக வெளியே வந்துவிட்டது.

“யாரு கட்டப்போறாங்கம்மா? எந்தக் கையில?”

“அப்பா. இடது கையில.”

“என்ன செய்றாரு?”

“எங்க செய்றது? படுக்கைதான். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துடுச்சு.”

பவுடர் இதைக் கேட்கவில்லை. கட்டிக் காட்டவும் சூடேற்றவும் கற்றுக்கொண்டவன், கேட்பதைக் கற்றுக்கொள்ளவில்லை. அடுப்பண்ணனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கடிகாரத்தில் கோளாறு இல்லை. அந்த அம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வேறு எதையோ வாங்கத்தான் வந்தாராம். இதைக் கையில் போட்டதும் யாரோ கையைப் பிடித்த மாதிரி கதகதவென்று இருந்ததாம். அப்பாவின் இடது கை எப்போதும் சில்லென்று இருக்கிறது, அந்தக் கைக்கு இப்படி ஒன்று இருக்கட்டும் என்று வாங்கிவிட்டாராம்.

“அவருக்கு இத மாத்தறதுல இஷ்டமே இல்ல. இந்த முள்ளப் பாத்துக்கிட்டேதான் கெடக்குறாரு. சத்தமில்லாம போகுதுல்ல, அது பிடிச்சுப்போச்சு. நின்னுட்டா என்னைக் கூப்பிட்டு, ‘நின்னுடுச்சும்மா’ம்பாரு. அந்த வார்த்தையத்தான் என்னால கேக்க முடியல.”

அடுப்பண்ணன் இழுப்பறையை மூடினார். மூடும்போது தன் கையைத் தானே நசுக்கிக்கொள்கிற மாதிரி இருந்தது.

“வாட்ச்சு நல்லா இருக்கும்மா” என்றார். “இது கை ஆடினாதான் சாப்பிடும்.”

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். பிறகு கம்பளத்தைப் பார்த்தார். மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

“ஆனா ஊட்டியும் விடலாம்” என்றார் அடுப்பண்ணன் அவசரமாக. கடிகாரத்தின் பக்கவாட்டில் இருந்த திருகைக் காட்டினார். “இத இப்படி முன்னால திருகினா வயிறு நெறையும். இந்தச் சின்ன முள் ஏறும் பாருங்க. வலது கை ஆடுதில்ல? காலையில ஒரு தடவ போதும். அந்தக் கை இந்தக் கைக்கு ஊட்டட்டும்.”

நான் சொன்னால் கேட்க மாட்டார், எரிந்து விழுவார் என்றார் அந்த அம்மா. நீங்கள் வந்து காட்ட முடியுமா என்று கேட்டார். நாளைக்கு ஞாயிறுதானே, வருகிறேன் என்றார் அடுப்பண்ணன். அதுவரை இங்கேயே இருக்கட்டும், கட்டி, நிறைத்துக் கொண்டுவருகிறேன் என்றார். குறைத்த கண்ணிகளை அந்த அம்மா பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அவர் போனதும் மேனேஜர், கைக்கு வந்ததை ஏன் அண்ணே விட்டீர்கள் என்று கேட்டார்.

“கெட்டுப்போகாத சாமான எப்படி சார் திரும்ப வாங்கறது?”

கண்ணிகளைச் சேர்த்துப் பழையபடி கட்டிக்கொண்டார். சாப்பாட்டு வேளையில் நடந்தார். இப்போது அது கடைச் சரக்கு இல்லை என்பதால் அன்றைக்குச் சாயங்காலம் கழற்ற வேண்டியதும் இல்லை. காவலாளி ராஜா வேஷத்தைப் பற்றிக் கேட்க வாயெடுத்து, கையைப் பார்த்துவிட்டு சல்யூட் அடித்தான். கடிகாரம் முதல் தடவையாக பஸ் ஏறியது. மாடிப்படி ஏறியது. அறையில் அவர் அதைக் கழற்றவே இல்லை. அடுப்பு பற்றவைக்கும்போதும் தட்டுக் கழுவும்போதும் கையில் இருந்தது. அந்த அறையில் அவரைத் தவிர அசைந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். சத்தமே போடவில்லை. அதனால் தொந்தரவாகவும் இல்லை, துணை மாதிரியும் இருந்தது.

காலையில் அக்கா போன் பண்ணினாள். சாப்பாட்டு விசாரணை முடிந்து, மணி என்னடா என்றாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கையைத் திருப்பிப் பார்த்துச் சொன்னார். விநாடியையும் சேர்த்துச் சொன்னார்.

“வாட்ச்சு வாங்கிட்டியாடா?”

“இல்லக்கா. ஒருத்தரோடது. குடுக்கத்தான் போறேன்.”

புறப்படும் முன் சன்னலோரம் உட்கார்ந்து கண்ணிகளை மறுபடி கழற்றினார். இப்போது கைக்குக் கட்ட முடியாது. உள்ளங்கையில் பொத்திக்கொண்டு பஸ் ஏறினார்.

அந்த அம்மாவின் வீட்டில் அப்பாவின் அறை வாசலுக்கு நேராக இருந்தது. சன்னலை ஒட்டிக் கட்டில், முதுகுக்கு இரண்டு தலையணை. பெரியவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தாலும் பேச்சு புரிந்தது. இடது கை போர்வைக்கு மேலே, யாரோ மறந்து வைத்துவிட்டுப்போன பொருள் மாதிரி கிடந்தது. அடுப்பண்ணன் பழக்கப்படி கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தினார். முழங்கால் முனகியது. அந்தக் கையைத் தூக்கினார். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த கடிகாரத்தின் குளிர் அது. மூச்சைப் பிடித்துக் கட்டினார், கொக்கி விழுந்தது, மூச்சை விட்டார். பிறகு நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். சூடு பட்டதும் எல்லார் முகத்திலும் ஓர் இளக்கம் வரும். அதைப் பார்க்கத்தான் அவர் இத்தனை வருஷமும் நிமிர்ந்திருக்கிறார்.

ஒன்றும் வரவில்லை.

“சூடு தெரியுதுங்களாய்யா?”

“அந்தக் கையில ஒண்ணும் தெரியாது தம்பி. வெயில்ல வச்சாலும் தெரியாது.”

வாசலில் நின்ற மகள் உள்ளே போய்விட்டார். அடுப்பண்ணனுக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். பிறகு கொக்கியை விடுவித்து, கடிகாரத்தைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துப் பொத்தி, ஷூவின் குதிகாலைப் பிசைந்த மாதிரி பிசைந்து, பெரியவரின் வலது உள்ளங்கையில் வைத்தார். விரல்கள் மூடிக்கொண்டன. வாயின் நல்ல பக்கம் அசைந்தது.

“ம். இப்ப தெரியுது.” கண்ணை மூடித் திறந்தார். “யாரு சூடு இது?”

“என்னோடதுங்க.”

“இத நீங்கதான் கட்டியிருந்தீங்களா?”

“கொஞ்ச நாளு.”

பெரியவர் கடிகாரத்தை நெஞ்சின் மேல் வைத்து வலது கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் திருகைத் திருகிப் பார்த்தார். முதலில் வழுக்கியது, பிறகு பிடி கிடைத்தது. வயிறு நிறைந்திருந்ததால் ஏற ஒன்றுமில்லை. ஆனாலும் விரல் வழியைக் கற்றுக்கொண்டது. இனிமேல் எனக்கு ஒருத்தி ஊட்டுகிறாள், நான் இதற்கு ஊட்டுகிறேன், இந்த வீட்டில் பசி என்ற பேச்சே இல்லை என்று உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னார். உள்ளே பாத்திரம் உருண்டது, அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

வலது கையில் கட்டிவிடட்டுமா, அந்தக் கை ஆடும், சூடும் தெரியும் என்று அடுப்பண்ணன் கேட்டார். பெரியவர் தலையை ஆட்டி மறுத்தார்.

“இடதுலயே கட்டுங்க. அந்தப் பக்கமும் ஏதாவது ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கட்டும்.”

அடுப்பண்ணன் மறுபடி மூச்சைப் பிடித்தார். கொக்கி விழுந்தது. இந்தத் தடவை முகத்தைப் பார்க்கவில்லை. நீல முள்ளைப் பார்த்தார். அது யார் கை என்று பார்க்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

மகள் காப்பி கொண்டுவந்தார். அடுப்பண்ணன் குடித்தார். அடிக்கடி வாங்க என்றார் மகள். வருகிறேன் என்றார். வாங்க என்பதும் வரேன் என்பதும் வாசலில் சொல்கிற வார்த்தைகள்தானே. பெரியவர் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் நிறுத்தம் வரை நல்ல தூரம். ஞாயிறு என்பதால் தெருவில் ஆளில்லை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தார், இடது கை வீசி வீசி வருகிறது. கடையின் நடைபாதையில் பழகிய வீச்சு. மணிக்கட்டில் வெளுத்த பட்டை போய்ப் போய் வந்தது. யாருக்கு ஊட்டுகிறோம் என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. அதை உடம்போடு ஒட்டிப் பிடித்து நடந்து பார்த்தார். நடை கோணிக்கொண்டது.

சரி, ஆடிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.